கூரைப் பொட்டு

மூன்றாவது சொட்டும் புறங்கையில் விழுந்த பிறகுதான் செண்பகவல்லி நாற்காலியை இடப்பக்கம் நகர்த்தினாள். ஏசி ஒழுகுகிறது. அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலே கூரைப் பலகையில் பழுப்பாக ஒரு கறை, அதன் நடுவில் ஒரு சொட்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு விழுந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவளுடைய பிழைப்பே கூரையிலிருந்து தண்ணீர் விழவைப்பதுதான். தீப்பிடித்தால் அறை சூடாகும், அந்தச் சூட்டில் கூரையில் இருக்கிற ஸ்பிரிங்க்ளரின் கண்ணாடிக் குமிழ் உடையும், குழாயில் காத்துக்கிடக்கும் தண்ணீர் சிதறிக் கொட்டும். அந்தக் குழாய் எங்கே போகவேண்டும் என்று வரைந்து கையெழுத்துப் போடும் லைசென்ஸ் அவளிடம் இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக வரைகிறாள். ஒரு கூரையிலிருந்தாவது தண்ணீர் கொட்டி அவள் கண்ணால் பார்த்தது கிடையாது. இங்கே, அண்ணா நகரில், ஆர்க்கிடெக்ட் அனந்தகிருஷ்ணனின் ஆபீசில், யாரும் வரையாமல், யாரும் கையெழுத்துப் போடாமல், அது பாட்டுக்கு விழுகிறது. "ஒரு பக்கெட் வைக்கச் சொல்றேன்" என்றார் அனந்தகிருஷ்ணன். போன வாரமும் இதையேதான் சொன்னார். மேஜை நிறைய விரித்துக் கிடந்த வரைபடத்தின் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது, அவள் கையெழுத்துக்கான கட்டம். மணி பதினொன்றேகால். சாப்பாட்டுக்கு எழுந்திருப்பதற்குள் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும் என்பதைத் தவிர இன்றைய கூட்டத்துக்கு வேறு வேலை இல்லை. காகிதம் சுருளாமல் இருக்க அதன் ஒரு ஓரத்தில் தன் கைப்பேசியைக் குப்புற வைத்திருந்தாள், அது இன்னும் சும்மா கிடந்தது.

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலை. அங்கே வேலை செய்யப்போகும் பெண்களுக்கு ஒரு ஹாஸ்டல். தளத்துக்குப் பதினெட்டு அறை, அறைக்குப் பன்னிரண்டு கட்டில், ஐந்து தளம். ஆயிரத்து எண்பது. இந்தப் பெருக்கலை நேற்றிலிருந்து எத்தனை தடவை போட்டாள் என்று அவளுக்கே தெரியாது, ஒவ்வொரு தடவையும் ஆயிரத்து எண்பதுதான் வந்தது, குறைந்து வந்துவிடாதா என்று பார்க்கிற ஆளைப்போல மறுபடி போட்டாள். "மேடம், பதினஞ்சு மீட்டருக்கு மேல போனாத்தானே ஸ்பிரிங்க்ளர் கேக்குறாங்க? நம்ம பில்டிங் பதினாலே முக்கால்" என்றார் எதிரே இருந்த மாசிலாமணி. முதலாளி தரப்பில் வந்தவர், வெள்ளைச் சட்டை, பேச்சில் சிரிப்புக்குக் குறைவில்லை. "ரோட்லருந்து அளந்தா பதினாறு வருது சார்" என்றாள். "ரோட்லருந்து ஏன் மேடம் அளக்கணும்? புள்ளைங்க என்ன ரோட்லயா தூங்கப் போவுது?" அனந்தகிருஷ்ணன் பேனாவை உருட்டிக்கொண்டே சிரித்தார். விஷயம் மண்தான். கட்டடத்தைச் சுற்றி லாரி லாரியாக மண் கொட்டி நாலடிக்கு மேலே மேடாக்கியிருக்கிறார்கள், வெள்ளம் வந்தால் உள்ளே வராது என்று காரணம். அந்த மேட்டின் மேல் டேப்பை வைத்தால் பதினாலே முக்கால். ஸ்பிரிங்க்ளர் வேண்டாம். கட்டடம் ஒரு அங்குலம் குறையவில்லை, பூமி வளர்ந்துவிட்டது. தீயணைப்புக்காரர்களின் ஏணி வண்டி வந்தால் அந்த மேட்டில் ஏறுமா, மழை பெய்து சொதசொதவென்று கிடந்தால் சக்கரம் புதையாதா, ரோட்டில் நின்றே நீட்டினால் ஐந்தாவது தளத்து ஜன்னலுக்கு எட்டுமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. போன கூட்டத்திலேயே கேட்டாயிற்று. அதற்கு முந்தின கூட்டத்திலும் கேட்டாள். அப்போது மாசிலாமணி, "நல்லதையே நெனைங்க மேடம்" என்றார். இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். மேஜையைத் தட்டி மிரட்டுகிற ஆளாக இருந்தால் எழுந்து போய்விடலாம். இவர் வீட்டிலிருந்து எல்லாருக்கும் அதிரசம் கொண்டுவந்திருக்கிறார். அனந்தகிருஷ்ணன் அவளுக்கு முதல் வேலை கொடுத்தவர், வந்ததும் வராததுமாக அவள் மகளைப் பற்றி, "நிவேதிகா ஹாஸ்டல்ல செட் ஆயிட்டாளா?" என்று கேட்டார். செட் ஆயிட்டா சார் என்று சொன்னாள். கைப்பேசியைப் பார்த்தாள். குப்புறத்தான் கிடந்தது.

"அதெல்லாம் சரி, சரக்கு வாங்குற வெளிநாட்டுக்காரன் ஆடிட்டுக்கு வருவானே, அண்ணாந்து பாப்பானே" என்று அனந்தகிருஷ்ணன்தான் எடுத்துக்கொடுத்தார். மாசிலாமணி கையை விரித்தார். "அதுக்குத்தான் சார் சொல்றேன், பொட்டு வச்சிரலாம்." அந்தச் சொல் வந்துவிட்டது. வரும் என்று தெரியும், காலையில் பஸ்ஸில் வரும்போதே அதற்காகத் தன்னைத் தயார்செய்துகொண்டு வந்திருந்தாள். பொட்டு வைப்பது என்றால் ஸ்பிரிங்க்ளர் தலையை மட்டும் வாங்கிக் கூரைப் பலகையில் ஒட்டிவிடுவது. பின்னால் குழாய் இருக்காது, தண்ணீர் இருக்காது. கீழே நின்று பார்த்தால் வெள்ளைக் கூரையில் வரிசையாக, அளவெடுத்தாற்போல், குமிழுக்குள் சிவப்பு மருந்து மினுங்கிக்கொண்டு, அசலேதான். இந்த ஊரில் கட்டடம் கட்டுகிற எல்லாருக்கும் இந்தச் சொல் தெரியும். யார் முதலில் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். அவள்தான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், வடபழனியில் ஒரு துணிக்கடை, கூரைப் பலகை வேலைக்கு நசீர் என்று ஒருவர். நல்ல கைக்காரர். ஸ்பிரிங்க்ளர் பலகையின் நட்டநடுவில் வரவேண்டும், ஓரத்தில் வந்தால் அசிங்கம் என்று அவருக்கு விளக்கத் தெரியாமல், "அண்ணே, நெத்தியில பொட்டு வச்ச மாதிரி நடுவுல வரணும்" என்று சொல்லித் தன் நெற்றியையே தொட்டுக் காட்டினாள். மறுநாள் போய்ப் பார்த்தால் மாதிரிக்கு என்று வைத்திருந்த நாற்பது தலைகளையும் பசை போட்டு நடுநடுவே ஒட்டி முடித்திருந்தார். குழாய் இன்னும் வந்து சேரவில்லை. "நீங்கதானம்மா பொட்டு வைக்கச் சொன்னீங்க" என்றார், பாவம், முகம் சுண்டிப்போய். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. அனந்தகிருஷ்ணன் அண்ணாந்து பார்த்து, "அட, குழாயே இல்லன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். கடைக்காரர் பக்கத்தில் நின்றார். அந்தக் கடைக்குக் குழாய் கடைசிவரை வரவில்லை.

இன்னொரு சொட்டு. இது வரைபடத்தில், மூன்றாம் தளத்து எட்டாம் எண் அறையில் விழுந்து, பன்னிரண்டு கட்டிலையும் நனைத்துப் பரவியது. தாளை ஒற்றியெடுக்கக் கைக்குட்டையைத் தேடினாள். அனந்தகிருஷ்ணன் சொல்லிக்கொண்டிருந்தார், "ஒண்ணும் இல்லம்மா, குழாயை அழிக்க வேணாம், இருக்கட்டும், புள்ளிக்கோடா மாத்திடு, பக்கத்துல பின்னாளில்னு ஒரு குறிப்பு." வரைபடத்தில் முழுக்கோடு என்றால் இருக்கிறது. புள்ளிக்கோடு என்றால் இல்லை, பிறகு வரும். பிறகு என்பதற்குத் தேதி கிடையாது. அவள் வரைந்த புள்ளிக்கோடுகளை எல்லாம் சேர்த்துக் கட்டினால் சென்னையிலிருந்து கோவில்பட்டியில் அவள் அம்மா வீட்டு வாசல்வரை போகும், ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. ஒரு வேளை நான் வீம்பு பிடிக்கிறேனோ? முழுக்கோடு போட்டால் மட்டும் என்ன கிழிந்தது? முழுக்கோடு போட்டாளே, ஒரு தடவை, ஒரு மில்லின் பெண்கள் ஹாஸ்டலில். எட்டு மாதம் சண்டை. நேரில் போய் நின்று, குழாயைத் தட்டிப் பார்த்து, ஐம்பதாயிரம் லிட்டர் தொட்டி தீக்கென்று தனியாகக் கட்டவைத்து, அதன் வால்வுக்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்கவைத்து, ஜெயித்துவிட்டுத்தான் வந்தாள். அன்றைக்கு அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள், நிவேதிகா அப்போது ஆறாவது. மூன்று வருடம் கழித்து ஒரு சித்திரை மாதம், காலை ஏழு மணி, ஷிஃப்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் யாரோ இஸ்திரிப் பெட்டியைக் கட்டில்மேல் வைத்து மறந்து போனார்கள். குமிழ் உடைந்தது. அவள் எழுதிய கணக்குப்படி எத்தனை டிகிரியில் உடைய வேண்டுமோ அத்தனை டிகிரியில் உடைந்தது. ஒரு குவளை துருத்தண்ணீர் துப்பியது, பிறகு காற்று. கோடையில் குளிக்கத் தண்ணீர் இல்லை என்று வார்டன் சிவப்பு வால்வைத் திறந்து குளியலறைக்கு விட்டிருந்தாள். மாதக்கணக்காக. அவளைக் குற்றம் சொல்ல முடியுமா, முந்நூறு பெண்கள் குளிக்காமல் எப்படி வேலைக்குப் போவார்கள்? புகையில் நாலு பேர். செண்பகவல்லியை விசாரணைக்கு அந்த ஹாஸ்டலுக்கே கூப்பிட்டார்கள். அந்தக் குளியலறைக்குத் தீ வரவில்லை, புகை மட்டும் வந்திருந்தது. கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவர் ஓட்டில், குளிக்கும்போது எடுத்து ஒட்டிவிட்டு மறந்த ஸ்டிக்கர் பொட்டுகள், கறுப்பும் மெரூனுமாக ஒரு இருபது இருக்கும், எல்லாவற்றின்மேலும் கரி படிந்து ஒரே நிறமாக இருந்தன. விசாரணை அறிக்கையில் அவளைப் பற்றி ஒரே ஒரு வரி. வடிவமைப்பில் குறை இல்லை. அந்த வரியைப் படித்த அன்று அவள் சாப்பிடவில்லை.

கைப்பேசி அதிர்ந்தது. மேஜையில் ஒரு தடவை உறுமிவிட்டு அடங்கியது. அவள் தொடவில்லை. நிவேதிகாதான். வேறு யார் இந்த நேரத்தில்? திருச்சியில் முதல் வருடம் படிக்கிறாள், சேர்ந்து நாற்பது நாள் ஆகிறது. சேர்க்கப் போனபோது அறைக்குள் நுழைந்ததும் எல்லா அம்மாக்களும் அலமாரியைத் திறந்து பார்த்தார்கள், மெத்தையை அழுத்திப் பார்த்தார்கள், இவள் அண்ணாந்து பார்த்தாள். வரிசையாக நாலு. நட்டநடுவில். அழகாக இருந்தன. ஏணி கேட்கக் கூச்சமாக இருந்தது, வார்டன் என்ன நினைப்பாள், மகள் அதற்குமேல் கூச்சப்பட்டு, "அம்மா, வா கீழ போலாம்" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து தூக்கம் பாதிதான். கீழே நின்று பார்த்தால் தெரியாது, இருபத்திரண்டு வருடம் பார்த்தவளுக்கும் தெரியாது. இன்றைக்குக் காலையில்தான் மனசு கேட்காமல் போன் போட்டாள். "நிவே, மேல் கட்டில்ல ஏறி நின்னு, கூரையில இருக்குல்ல, அந்தத் தகட்டை ரெண்டு வெரலால பிடிச்சு மெதுவா ஆட்டிப் பாரு. கண்ணாடியத் தொட்டுறாத. ஆடுச்சான்னு மட்டும் சொல்லு." "எதுக்கும்மா?" "சும்மாதான், ஆபீஸ் வேலைக்கு." குழாயில் முறுக்கியதாக இருந்தால் இம்மியும் அசையாது. லஞ்ச் பிரேக்குல ரூமுக்கு வரும்போது பாக்கறேன் என்று சொன்னாள். அவள் காலேஜில் சீக்கிரமே விட்டுவிடுவார்கள். இப்போது பார்த்திருப்பாள். ஆடவில்லை என்று போட்டிருப்பாள். ஆடலம்மா, ஸ்ட்ராங்கா இருக்கு. அப்படித்தான் இருக்கும். அவ்வளவு பெரிய காலேஜ். திருப்பிப் பார்த்தால் என்ன? ஒரு விரலால் புரட்டினால் போதும். ஆடவில்லை என்று இருந்தால் எவனோ ஒருத்தன் அவள் மகளுக்கு முழுக்கோடு போட்டிருக்கிறான், அப்படியானால் அவள் இங்கே புள்ளிக்கோடு போட முடியாது. ஆடியது என்று இருந்தால் அப்போதும் போட முடியாது. எப்படி இருந்தாலும் போட முடியாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அதனால்தான் புரட்டவில்லை. இது தெரிந்தபோது தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"நீங்க கையெழுத்து போடலைன்னாலும் பரவால்ல மேடம், வருத்தமே இல்ல" என்றார் மாசிலாமணி. நிஜமாகவே வருத்தமில்லாமல்தான் சொன்னார். "வேலூர்ல பெரியவர் ஒருத்தர் இருக்காரு, கொரியர்ல அனுப்புனா மூணாம் நாள் போட்டு அனுப்பிருவாரு. உங்களுக்கு வேலை தெரியும், அதான் உங்ககிட்ட." அந்தப் பெரியவரை அவளுக்கும் தெரியும். கண்புரை. அவர் கையெழுத்துப் போட்டால் மாடிப்படி அகலம்கூட யாரும் பார்க்க மாட்டார்கள். நான் போட்டால் படியையாவது பார்க்கலாம், ஒரு கதவையாவது கேட்டு வாங்கலாம். இப்படித்தான் தொடங்கும், அவளுக்குத் தெரியும், ஒரு கதவில்தான் தொடங்கும். "சரி சார், தளத்துக்கு இன்னொரு கதவு வேணும். அந்தக் கடைசியில, வெளிப் படிக்கு. வெளிப்பக்கமா தொறக்கணும்." மாசிலாமணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கதவுதானே? தாராளமா வச்சிக்கலாம்." அவளுக்கு நெஞ்சு லேசாயிற்று, ஏதோ மலையைப் புரட்டிவிட்டாற்போல. கைப்பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் அனந்தகிருஷ்ணனிடம் சொல்வது கேட்டது, "வெளிய பூட்டு போட்டுக்குவோம் சார். பொம்பளப் புள்ளைங்க இருக்கிற எடம் பாருங்க, பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்குல்ல." "அது கண்டிப்பா" என்றார் அனந்தகிருஷ்ணன். பேனா கிடைத்துவிட்டது. கிடைக்காமல் இருந்திருக்கலாம். பூட்டக் கூடாது என்று சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும், வாயைத் திறந்தாள், பிறகு அவர் நல்லதையே நினைக்கச் சொல்வார், பிறகு ஒருத்தர் சாவியை வார்டனிடம் கொடுக்கலாம் என்பார், வார்டன் நல்லவளாக இருப்பாள், கோடையில் எல்லாரும் குளிக்க வேண்டும் என்று நினைக்கிறவளாக இருப்பாள். வாயை மூடிக்கொண்டாள். முழுக்கோடுகள்மேல் பேனாவை ஓட்டி, அங்கங்கே குறுக்கே வெட்டி வெட்டிப் புள்ளிக்கோடாக்கினாள். கை பழகிய வேலை. மூன்றாம் தளத்து எட்டாம் அறையில் தாள் இன்னும் ஈரமாக இருந்ததால் மை கொஞ்சம் ஊறியது. பின்னாளில் என்று எழுதினாள். மூலைக் கட்டத்தில் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"முடிஞ்சுது" என்று எழுந்த மாசிலாமணி அதிரச டப்பாவை அவள் பக்கம் தள்ளினார். "எடுத்துக்கங்க மேடம், வீட்ல செஞ்சது." ஒன்று எடுத்துக்கொண்டாள், கையில் எண்ணெய் ஒட்டியது, கடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. இருவரும் சாப்பிடக் கீழே போனார்கள். இப்போதுதான் பக்கெட் வந்தது, கொண்டுவந்த பியூன் அதைச் சொட்டுக்கு நேராக இல்லாமல் ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டுப் போனார். அவள் கைப்பேசியைப் புரட்டினாள். ஒரு படம். நிவேதிகாவின் உள்ளங்கை, பாதி அழிந்த மருதாணி, அதன் நடுவில் ஸ்பிரிங்க்ளர் தலை. பின்புறத்தில் காய்ந்த பசை மஞ்சளாக வட்டமாக இருந்தது. கீழே செய்தி. "அம்மா நான் சும்மா தொட்டேன் கையோட வந்துடுச்சு. வார்டன் பார்த்தா ஃபைன் போடுவாங்க. என்கிட்ட ஃபெவிகுயிக் இருக்கு. திரும்ப ஒட்டிடட்டா?" செண்பகவல்லி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நசீர் இதைவிட நன்றாக ஒட்டுவார் என்று ஒரு நினைப்பு வந்தது, அது ஏன் வந்தது என்று அவளுக்கே கோபம். அந்த ஹாஸ்டலை விட்டு வந்துவிடு என்று அடித்தாள். எங்கே வருவாள்? அழித்தாள். பிரின்சிபாலிடம் சொல்லு என்று அடித்தாள். அந்தக் காலேஜ் ஹாஸ்டலின் வரைபடத்தை எடுத்துப் பார்ப்பார்கள், மூலையில் ஒரு கையெழுத்து இருக்கும், கோடு புள்ளிக்கோடாக இருக்கும், பின்னாளில் என்று எழுதியிருக்கும், வடிவமைப்பில் குறை இருக்காது. அழித்தாள். ஒட்டிடு என்று அடித்து, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள். பிறகு, "உன் கட்டிலைக் கதவுப் பக்கம் மாத்திப் போட்டுக்கோ கண்ணு. இன்னிக்கே" என்று அனுப்பினாள். பதில் உடனே வந்தது.

"கதவுப் பக்கம் வேற ஒருத்தி இருக்காம்மா."